ஒரு கையொப்பம்

கலிபோர்னியா சர்வகலாசாலையின் வரலாற்றை முதன்முறை வாசித்தபோது, "கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவனல்லேன் என்றெழுதிய தாளிற் கையொப்பமிடுதல் அத்துணைக் கடினமோ?" என்றே எண்ணினேன். யானாயின் அக்கணமே ஒப்பமிட்டிருப்பேன். இதனைச் சொல்ல நாணுகின்றேன்.

1949ஆம் வருஷம், ருஷியாவைப் பற்றிய அச்சம் அமெரிக்க தேசமெங்கும் பரவியிருந்த காலை, அச்சர்வகலாசாலையின் நிர்வாக சபையார் ஆசிரியர் யாவர்க்கும் அப்பிரமாணத்தை விதித்தனர். இணங்காத 31 பேர் 1950 ஆகஸ்டில் நீக்கப்பட்டனர். அவர்களுள் எவரையும் கம்யூனிஸ்டு என்று சபையார் குற்றஞ்சாட்டினாரல்லர், ஒப்பமிடாமையே குற்றமாயிற்று.

என் எண்ணத்தை மாற்றியவர் சரித்திரப் பேராசிரியர் எர்னஸ்ட் கண்டோரோவிச். அவர் 1919இல் ஜெர்மனியிற் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆயுதமேந்தியவர். பின்னர் ஹிட்லர் ஆட்சியிற் பதவி துறந்து, 1938இல் தாயகத்தை விட்டகன்றவர். அவரே மறுத்தார்! நீதிபதி, குரு, ஆசிரியர் ஆகிய மூவரும் அங்கி தரிப்பது, தம் மனச்சாட்சிக்கே உத்தரவாதிகள் என்பதற்கு அடையாளம் என்பது அவர் வாதம். பட்டமளிப்பு நாளில் இரவல் அங்கியுள் வியர்த்து நின்ற எனக்கோ, புகைப்படத்தையன்றி வேறு நினைவில்லை.

1952இல் மாகாண உயர்நீதிமன்றம், வழக்கிட்டோரைத் திரும்ப அமர்த்துமாறு தீர்ப்பளித்தது. மனச்சாட்சியின் உரிமை கருதியன்று. அரசாங்கமே உத்தியோகஸ்தர் யாவர்க்கும் வேறொரு பிரமாணம் விதித்துவிட்டமையாற் சபையார் தனியே விதித்தல் செல்லாது என்பதே காரணம். கண்டோரோவிச் அதற்குள் பிரின்ஸ்டன் சென்றுவிட்டார். கலிபோர்னியாவுக்குக் கற்பிக்கத் திரும்பவேயில்லை.