கோயா மலையில் ஒரு திருவமுது

ஜப்பான் தேசத்துக்கு யாத்திரை செல்லும் சைவ உணவினருக்கு முதலில் எழும் கவலை உணவைப் பற்றியதே. காய்கறி மட்டுமே மிதப்பதாகத் தோன்றும் சாற்றுக்கும், உலர்த்திய மீனைக் கொதிக்க வைத்து எடுத்த நீரே அங்கே பெரும்பாலும் அடிப்படை. விரதமும் கெடாமல், அந்நாட்டார் உண்பதையே அவர்களோடு அமர்ந்து உண்ண விரும்புவோர் நாட வேண்டிய தலம் ஒன்று உண்டு. அது வாகாயாமா மாகாணத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள கோயா மலை. ஒசாகா நகரின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலில் சென்று, மலையடிவாரத்தில் கம்பிவட ஊர்தியில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் மேலே சேரலாம்.

சீன தேசம் சென்று பௌத்த மந்திர மார்க்கத்தையும் வடமொழியையும் கற்று, 806-இல் தாயகம் திரும்பியவர் கூக்காய் என்னும் துறவி. மன்னர் 816-இல் அவருக்கு இம்மலையை அளித்தார். இன்று இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன. அவற்றுள் ஐம்பதளவில் யாத்திரிகர்களைத் தங்கவைத்து உணவும் அளிக்கின்றன.

அவ்வுணவுக்கு ‘ஷோஜின் ரியோரி’ என்று பெயர். ‘ஷோஜின்’ என்பது ‘வீர்யம்’ என்னும் வடசொல்லின் மொழிபெயர்ப்பு. நல்வழியில் தளராத முயற்சி என்பது பொருள். மீனும் இறைச்சியும் இல்லை. நம் மடைப்பள்ளிகளைப் போலவே பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் இடமில்லை. சாற்றுக்கு மணம் தருவது கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த காளானும். எள்ளை அரைத்துப் பாலெடுத்து, ஒருவகைக் கிழங்குமாவு கூட்டிக் கிளறி உறையவைத்த எள்ளு டோஃபு வாயில் கரையும். சோயாப் பாலைத் திரித்த கட்டியைப் பனியில் உறைவித்து உலர்த்திய டோஃபுவுக்கு இம்மலையின் பெயரே வழங்குகிறது.

மாலை மங்குமுன்பே அரக்குப் பூசிய சிறு பீடங்களில் கிண்ணங்கள் வந்துவிடும். பாய் விரித்த தரையில் அமர்ந்து உண்பதே வழக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நலம். சமையலில் அரிசி மது சிறிது சேர்வதுண்டு. அதைத் தவிர்க்க விரும்புவோரும் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்ணலாம். உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைத்தல் மட்டும் ஆகாது. அது நீத்தாருக்குப் படைக்கும் முறை.

உண்ணுமுன் கைகூப்பி ‘இததாகிமாசு’ என்கிறார்கள் அந்நாட்டார். இச்சொல்லின் வேர்ப்பொருள் தலைமேல் ஏற்றல். பிரசாதத்தைச் சிரமேற்கொண்டு பழகிய அடியார்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இம்மலையில் முதல் அமுது கூக்காய்க்கே உரியது. 835-இல் அவர் மறையவில்லை, ஓகுனோயின் என்னும் இடத்தில் இன்றும் தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அடியார்களின் நம்பிக்கை. ஆகவே காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் அவருக்கு உணவு எடுத்துச் செல்லப்படுகிறது. துறவிகள் அதை மரப்பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து, ‘சுவை பார்க்கும் ஜிசோ’ என்னும் போதிசத்துவர் சந்நிதியில் முதலில் நிறுத்துகிறார்கள். பின்னர் பாலம் கடந்து சமாதிக் கோயிலை அடைகிறார்கள். பாலத்துக்கு அப்பால் படமெடுக்க அனுமதி இல்லை.

விடியற்காலைக் குளிரில், வானளாவிய தேவதாரு மரங்களிடையே இரண்டு கிலோமீட்டர் நடந்து அக்காட்சியைக் கண்டு திரும்பும் யாத்திரிகருக்கு, விடுதியில் சூடான சோறும் சாறும் ஊறுகாயும் காத்திருக்கும். அப்போது கைகள் தாமாகவே குவியும்.