அலறாத பாட்டு

2017 மே 20, சனி

அமெரிக்க ரொக் குழு லிங்கின் பார்க்கின் ஏழாவது அல்பம் ‘வன் மோர் லைட்’ நேற்று வெளியானது. இன்று காலைக்குள்ளேயே தீர்ப்பும் வந்துவிட்டது. பேராதனையில் கூடப் படித்தவர்கள், மஹய்யாவையில் ஒரே கசெட்டை மாற்றி மாற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள், எல்லோரும் எனக்கு அனுப்பியிருப்பது ஏறக்குறைய ஒரே வசனம்தான்: “காசுக்கு விலை போயிட்டானுங்க மச்சான்.”

10 பாட்டுகள், 35 நிமிடம். கண்டி, கட்டுக்கலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுதாகக் கேட்டேன். கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிராட் டெல்சனின் கிற்றார் எங்கோ பின்னால் ஒதுங்கி நிற்கிறது. வெட்டி ஒட்டிய குரல் துண்டுகளை வாத்தியம்போல வாசித்திருக்கிறார்கள். சில பாட்டுகளில் அது காதை உறுத்துகிறது. ஜஸ்டின் பீபருக்குப் பாட்டெழுதிய ஜூலியா மைக்கேல்ஸும் ஜஸ்டின் ட்ரான்டரும் ‘ஹெவி’ பாட்டில் கைகோத்திருக்கிறார்கள். அதில் குழுவின் பாடகர் செஸ்டர் பெனிங்டனோடு கியாரா என்ற இளம் பாடகி சேர்ந்து பாடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அல்பம் முழுவதிலும் செஸ்டர் ஓரிடத்தில்கூட அலறவில்லை. நண்பர்களால் மன்னிக்க முடியாதது இதைத்தான்.

ஆனால் தலைப்புப் பாட்டை என்ன செய்வது? இசை நிறுவனத்தில் தங்களோடு வேலை செய்த தோழி ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்த பாட்டு அது. நேற்று முன்தினம் செஸ்டரின் நெருங்கிய நண்பர், சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கோர்னெல் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று ஜிம்மி கிம்மலின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதே பாட்டை அவருக்கு அஞ்சலியாகப் பாடினார்கள். செஸ்டரின் குரல் தழுதழுத்தது. விலைபோனவன் அப்படிப் பாடமாட்டான்.

மே 27

களுத்துறை, இரத்தினபுரிப் பக்கம் வெள்ளமும் மண்சரிவும். செய்தி பார்க்கப் பார்க்க மனம் கனத்தது. இங்கும் மழை விடவில்லை. பழைய கசெட்டுப் பெட்டியை இறக்கினேன்.

‘ஹைபிரிட் தியரி’ 2000 ஒக்டோபரில் வந்தது. எங்கள் கைக்கு அது வந்தது நகரத்து ரெக்கோடிங் பார் ஒன்றில் காசு கொடுத்துப் பதிந்த கசெட்டாக. உறையில் படம் கிடையாது, பாட்டுகளின் பெயர் கிடையாது. மைக் ஷினோடா ராப் பாடுவார், செஸ்டர் மெல்லத் தொடங்குவார், பிறகு தொண்டை கிழிய அலறுவார். அந்த அலறலுக்காகவே கசெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றினோம்.

அந்தக் காலத்துக் கண்டியைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அலறலின் மதிப்பும் தெரியும். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையின் வாசலில் குண்டு வெடித்த பிறகு, தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு நகரத்துக்குள் நடப்பதே ஒரு பரீட்சையாகிவிட்டது. வாடகை அறை எடுத்தால் பொலிஸில் பதிய வேண்டும். சோதனைச் சாவடியில் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்த வேண்டும். “மெல்லக் கதை” என்பதுதான் அம்மா எங்களுக்குச் சொன்ன அன்றாட வார்த்தை. வீதியில் உயர்த்த முடியாத குரலை அறைக்குள் வேறொருவன் எங்களுக்காக உயர்த்தினான். அரிசோனாவில் பிறந்த அந்த மனிதனுக்கு எங்கள் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆனால் அவன் கத்தியபோது எங்கள் நெஞ்சிலிருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

ஷினோடாவிடம் இன்னொரு ஒட்டுதல் பின்னால் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவருடைய தந்தை வழிக் குடும்பமும் அதில் சிக்கியது. 2005இல் ஃபோர்ட் மைனர் என்ற பெயரில் அவர் வெளியிட்ட அல்பத்தில் ‘கென்ஜி’ என்றொரு பாட்டு அந்தக் கதையைச் சொல்கிறது. பெயர்ப் பதிவும் முகாமும் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நண்பர்கள் கோபப்படுவதை என்னால் சிரித்துத் தள்ள முடியாது. அவர்கள் கேட்பது வெறும் சத்தத்தை அல்ல, தங்களுக்குப் பதிலாகக் கத்திய குரலை.

ஜூன் 20

கட்டுகஸ்தோட்டையில் நண்பன் வீட்டுத் திண்ணை. பிளேன்டீ ஆறிப்போகும்வரை வாக்குவாதம்.

“எனக்கு 2003ஓட இவங்க கதை முடிஞ்சிது மச்சான். ‘மீடியோரா’தான் கடைசி. மிச்சமெல்லாம் வேற யாரோ.”

“அப்ப 2010?”

“அதுவா? கிற்றாரே இல்லாத அல்பம் அது. மெஷின் சத்தம்.”

இந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது மாமாவின் வாயில். 1992இல் ‘ரோஜா’ பாட்டுகள் வந்தபோது இளையராஜாவைத் தவிர வேறு யாரையும் கேட்காத அவர் சொன்னதும் “மெஷின் சத்தம்” என்றுதான். ஓரிரு வருடத்தில் அவரே ரஹ்மான் கசெட்டுகளைத் தேடித் தேடி வாங்கினார்.

2010 செப்டெம்பரில் வந்த ‘எ தௌசண்ட் சன்ஸ்’தான் என் கணக்கில் இந்தக் குழுவின் ஆகச் சிறந்த வேலை. அணுகுண்டு பயத்தை நடுவில் வைத்துக் கட்டியது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஓடுகிறது. இடையிடையே பதிவுசெய்யப்பட்ட பழைய குரல்கள்: மார்ட்டின் லூதர் கிங், மாணவர் தலைவர் மாரியோ சவியோ, பிறகு அணுகுண்டைச் செய்த விஞ்ஞானி ஒப்பன்ஹைமர் கீதையை நினைவுகூரும் அந்தத் தளர்ந்த பேச்சு. ரிக் ரூபினும் ஷினோடாவும் சேர்ந்து தயாரித்தது. பழைய ரசிகர்கள் பாதிப் பேர் அன்றே எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வெற்றி வெடி கொளுத்திய நகரத்தில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. அந்த நேரத்தில், தன் கையால் செய்த அழிவைப் பார்த்துவிட்டுப் பேசும் ஒரு கிழவரின் குரல் காதுக்குள் விழுந்தது. அதன் மேல் கிற்றாரைப் போட்டு அலறியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். அந்த வயதில், அந்த வருடத்தில், கத்தலுக்கு என்னிடம் இடமிருக்கவில்லை. இதைச் சொன்னபோது நண்பன் பேசாமலிருந்தான். பிறகு, “சரி, அது உனக்கு. எனக்குப் பழைய அவன்தான் வேணும்” என்றான். அதுவும் நியாயம்தான்.

ஆனால் பிரான்ஸின் ஹெல்ஃபெஸ்ட் விழாவில் கூட்டத்தின் ஒரு பகுதி நேற்று முன்தினம் ‘ஹெவி’ பாடும்போது ஊளையிட்டது நியாயமில்லை. 1966 மே 17இல் மான்செஸ்டரில், மின்கிற்றார் எடுத்த பொப் டிலனைப் பார்த்து “யூதாஸ்” என்று ஒருவர் கத்தினார். அந்த வசவுக்கு வயது 51. பாட்டு பிடிக்காதவன் எழுந்து போகலாம். பாடுபவனைத் துரோகி என்றால் பேச்சு பாட்டை விட்டு ஆளின் மேல் போய்விடுகிறது. செஸ்டரும் நேர்காணலொன்றில் பொறுமை இழந்தார்: பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், பணத்துக்காகச் செய்தேன் என்று சொல்லாதீர்கள் என்கிற பொருளில் கடுமையாகவே பேசினார்.

நம்மூர்க் குழுக்களுக்கு இந்த வாக்குவாதம்கூட வாய்ப்பதில்லை. 2001இல் இந்தக் கண்டியிலேயே தொடங்கியது மிர்ஷாட் பக்மன் பாடும் பரனொய்ட் எர்த்லிங். கொழும்பின் ஸ்டிக்மாட்டா 2003இல் முதல் அல்பம் போட்டது. 2015இல் வந்த ‘தி அசெட்டிக் பரடொக்ஸ்’ வரை அவர்களின் பாட்டுகள் நீண்டும் சிக்கலாகியும் வந்திருக்கின்றன. அந்த மாற்றத்தைப் பற்றி உட்கார்ந்து சண்டை பிடிக்க இங்கே எத்தனை பேர்? நான் போன கச்சேரிகளில் முன்வரிசை கேட்டதெல்லாம் மெட்டாலிக்காவின் பாட்டைத்தான். மாறினால் திட்டும் ரசிகர் கிடைப்பதும் ஒரு பாக்கியம்.

ஜூலை 21

காலையில் கைபேசியைத் திறந்ததும் செய்தி. செஸ்டர் பெனிங்டன் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. நேற்று கிறிஸ் கோர்னெலின் பிறந்த நாள்.

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 24

மூன்று நாட்களாக எல்லோரும் ‘வன் மோர் லைட்’டைத்தான் கேட்கிறார்கள். மே மாதத்தில் விலைபோனவன் என்று எழுதியவர்கள் இப்போது ‘ஹெவி’யை அனுப்பி அழுகிறார்கள். ரசிகர்களின் வசவுதான் செஸ்டரைக் கொன்றது என்றும் சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது தவறு. சிறுவயதில் தனக்கு நேர்ந்த வன்கொடுமையையும், போதையோடும் மன அழுத்தத்தோடும் தான் நடத்திய போராட்டத்தையும் அவர் பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகப் பேசிவந்தவர். அந்த நோயின் பாரத்தை யாரோ எழுதிய நாலு வரியின் தலையில் ஏற்றுவது அந்த நோயை அறியாதவர் செய்யும் வேலை.

எனக்கு வலிப்பது வேறு. 17 ஆண்டுகளாக அவர் தன் வேதனையை அலறிச் சொன்னார். அதைக் கேட்டுக் குதித்தோம், சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டோம். கடைசி அல்பத்தில் அதே வேதனையை, ஒரு சொல் விடாமல் புரியும்படி, பக்கத்திலிருப்பவனிடம் சொல்வதுபோலச் சொன்னார். அதற்குத்தான் ‘பொப் பாட்டு’ என்று பெயர் வைத்தார்கள். சத்தம் இருந்தால் உண்மை, சத்தம் குறைந்தால் வியாபாரம் என்ற கணக்கு ரொக் ரசிகர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. இந்தக் கணக்கு பிழையென்று சொல்ல இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஓகஸ்ட் 5

தலதா மாளிகையின் ரந்தோலி பெரஹெரா ஊர்வலம் நடக்கிறது. பொழுது சாய்வதற்குள் பாய் விரித்து இடம்பிடித்தவர்கள் வீதியோரம் முழுக்க. கெட்ட பெர மேளம் முழங்கி வரும்போது சனம் எழுந்து நிற்கிறது. அந்தத் தாளத்தில் ஓர் அடி மாறினாலும் இவர்கள் பொறுக்கமாட்டார்கள். பொறுக்கவும் கூடாது, அது தெய்வத்துக்குச் செய்யும் சேவை, வருடாவருடம் அப்படியே வந்தாக வேண்டும். எங்கள் நண்பர்கள் லிங்கின் பார்க்கிடம் எதிர்பார்த்ததும் ஒரு பெரஹெராவைத்தான் என்று அந்தக் கூட்டத்துக்குள் நின்றபோது தோன்றியது.

ஆனால் இந்த ஊர்வலமே ஒருகாலத்தில் மாற்றப்பட்டதுதான். முன்பு அது நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் விழா. தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி சிறி ராஜசிங்கனின் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில்தான், சீயத்திலிருந்து வந்த பிக்குகளின் வேண்டுகோளால் புனித தந்தம் அதில் முன்னால் வைக்கப்பட்டது. இன்று அதைத் தவிர்த்து யாராலும் பெரஹெராவை நினைக்க முடியாது.

ஒக்டோபர் 28

லொஸ் ஏஞ்சலிஸின் ஹொலிவுட் போலில் செஸ்டருக்கான அஞ்சலிக் கச்சேரி. இணையத்தில் நேரடியாகப் பார்த்தேன். ‘நம்ப்’ பாட்டுக்கு யாரும் பாட வரவில்லை. பூச்சூடிய ஒலிவாங்கி தனியே நின்றது. குழு வாசித்தது, கூட்டம் பாடியது.

2024 செப்டெம்பர் 6

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு லிங்கின் பார்க் திரும்பிவந்திருக்கிறது. புதிய பாடகி எமிலி ஆம்ஸ்ட்ரோங், டெட் சாரா குழுவிலிருந்து. ட்ரம்ஸுக்கு ரொப் போர்டன் இல்லை, கொலின் பிரிட்டன். அக்காவின் மகன் அதிகாலையிலேயே எழுந்து அறிவிப்பைப் பார்த்திருக்கிறான். “மாமா, இவ கத்துறா!” என்று குதூகலமாக அழைப்பெடுத்தான். அவனுக்கு வயது 16. செஸ்டரைக் கேட்டு அழுத தலைமுறை இல்லை.

என் வயதுக்காரர்கள் பொருமுகிறார்கள். செஸ்டரின் பாட்டை வேறொருவர் வாயில் கேட்பது சிலருக்குத் தாங்கவில்லை. அந்தத் துக்கத்தை மதிக்கிறேன். பெண் பாடுவதே குற்றம் என்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

நவம்பர் 16

‘ஃப்ரம் ஜீரோ’ நேற்று வந்தது. முந்தைய நாள் பொதுத் தேர்தல், நேற்று முடிவுகளும் போயா விடுமுறையும். ஊரெல்லாம் வென்ற கட்சிக்குக் கிடைத்த 159 ஆசனத்தைப் பற்றிப் பேச, நானும் மருமகனும் 11 பாட்டைக் கேட்டோம். குழுவின் முதல் பெயர் ஜீரோ என்பதிலிருந்து வந்த தலைப்பு. அலறல் இருக்கிறது, கிற்றார் இருக்கிறது, ஷினோடாவின் ராப் இருக்கிறது.

இப்போது வரும் குறை என்ன தெரியுமா? “பழையதையே திருப்பிச் செய்திருக்கிறார்கள், புதிதாக ஒன்றும் இல்லை.” 2017இல் மாறியதற்குத் திட்டியவர்களில் சிலரே இதையும் சொல்கிறார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. எமிலியின் குரல் உறுதியானது, ஆனால் பாட்டுகள் ஏற்கெனவே தெரிந்த பாதையில் பத்திரமாக நடக்கின்றன. என் தீர்ப்பு இதுதான்: நல்ல அல்பம், துணிச்சலான அல்பம் இல்லை. துணிச்சல் என்றால் இந்தக் குழுவிடம் ‘எ தௌசண்ட் சன்ஸ்’ இருக்கிறது, இசையாகப் பல இடங்களில் பலவீனமான ‘வன் மோர் லைட்’டும் இருக்கிறது.

மருமகன் அந்த இரண்டையும் இன்னும் முழுதாகக் கேட்டதில்லை. இன்றிரவு கேட்கப்போகிறான். அவன் வயதில் இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: ‘வன் மோர் லைட்’ 35 நிமிடம்தான், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதுங்கள். விலைபோய்விட்டான் என்று மட்டும் யாரையும் எழுதாதீர்கள்.