மெதுவாகிப்போன லேப்டாப்புக்குக் கைவைத்தியம்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் போகிற பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அக்காள் வாங்கியதில் தங்கை படிக்கிறாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போன வருஷம் அது திறக்கவே பத்து நிமிஷம் பிடித்தது. "புதுசு வாங்கிடலாம்மா" என்றாள் சின்னவள். புதுசென்றால் 30,000 ரூபாயாவது ஆகும். அவள் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம்!

ரிப்பேர் தெரிந்த என் தம்பி பார்த்துவிட்டு, "மிஷின் கெடலைக்கா, பாரம்தான் ஜாஸ்தி" என்றான். 'ராம்' என்பது சமையல் மேடை, ஹார்ட் டிஸ்க் என்பது பரண். மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணில் ஏற்றி இறக்கித்தானே வேலை செய்ய வேண்டும்? தாமதம் அதனால்தான்.

சகோதரிகளே, முதலில் செலவில்லாத வழிகளைப் பாருங்கள். பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைக்காதீர்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், லேப்டாப் திறந்ததுமே தானாக ஓடுகிற வேண்டாதவற்றை நிறுத்தலாம். மூடியை மட்டும் சாத்தி வைக்காமல், வாரம் ஒருமுறையாவது 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பழைய சினிமாக்களை அழித்து இடம் விடுங்கள்.

நம் வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டுமா! சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள மிஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை, தலையணை மேல் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும். பலகை மேல் வையுங்கள். உள்ளே படிந்த தூசியை வருஷம் ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். அதற்கு முன் போட்டோ, பாடங்களையெல்லாம் வேறொன்றில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மிஷினில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பாடம் படிக்க, எழுத, பாங்க் பக்கம் பார்க்க அது தாராளமாகப் போதும்.

இப்போது எங்கள் லேப்டாப் ஒரு நிமிஷத்துக்குள் திறக்கிறது. மிச்சமான பணம் சின்னவளின் காலேஜ் பீசுக்கு ஆயிற்று.