ஒரு வயரின் நுனியில்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் ஓர் அம்பிளிபயர் எரிந்து போயிற்று. அதனைச் செய்தவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். அது எரியக் காரணமாயிருந்தவன் தமிழ் கற்பிக்கும் நான். இந்த இரண்டாவது உண்மையை அன்று மண்டபத்தில் இருந்த எவரும் அறியார். அதனைச் சொல்ல எனக்குப் பதினைந்து நாட்கள் பிடித்தன.

அம்மாணவனின் தந்தை, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடம் நாட்கூலிக்கு வேலை செய்பவர். அவருடன் சென்று சென்றே பையன் தொழில் பழகியிருந்தான். கழித்துவிடப்பட்ட பெட்டிகளிலிருந்து பகுதிகளைச் சேர்த்து, கிற்றாருக்கென்று 50 உவாற்று திரான்சிற்றர் அம்பிளிபயர் ஒன்றைச் செய்தான். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைத் தனிப் பலகைப் பெட்டியில் பொருத்தினான். எமது இசைநாடகத்துக்கு அதனையே பயன்படுத்துவதென்று தீர்மானித்தோம். எஞ்சியிருந்தவை, இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் வயரும் அதன் நுனிகளுக்கான பிளக்குகளுமே.

அவற்றின் விலைகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு அவன் என்னிடம் வந்தான். நாடகப் பணம் என் கையில் இருந்தது. அரசனின் பட்டாடைக்கு அதிற் பெரும்பகுதியைச் செலவிட்டிருந்தேன்.

“கிற்றார் வயர் ஒன்று சும்மா கிடக்குதே. ரெண்டு நுனியிலும் பிளக் இருக்கு. அது காணாதோ?” என்றேன்.

“அது ஸ்பீக்கருக்குக் காணாது, சேர். பிளக்கும் இழுபட்டால் கழன்றிடும்.”

“ஒருநாள் கூத்துக்குத்தானே, தம்பி.”

அவன் மறுத்துப் பேசவில்லை. ஆசிரியர் சொன்னார், மாணவன் பணிந்தான். பழைய பெட்டியொன்றிற் கழற்றிய கால் அங்குலச் சொக்கற்றுகளை இரண்டு பெட்டிகளிலும் பொருத்தினான்.

நாடகத்தின் நடுவே, காவலனாக வந்த மாணவனின் கால் வயரில் தடுக்கிற்று. பிளக் முற்றாகக் கழன்றிருந்தால் ஓசை நின்றதோடு போயிருக்கும். அது பாதி வெளியே வந்து நின்றது. ஒரு வெடிப்பு; பின்னர் கருகிய நெடி. விழாவின் முடிவில் மேடையேறிய பெரியவர் ஒருவர், விளையாட்டுச் சாமான்களை மேடைக்குக் கொண்டுவரலாகாது என்றார். சபை சிரித்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் நாடகப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாட்கள் அவன் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய வீட்டுக்குப் போனேன். எரிந்த திரான்சிற்றர்கள் இரண்டும் மேசைமீது கிடந்தன. அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

“அந்தப் பிளக் ரெலிபோனுக்கெண்டு செய்தது, சேர்” என்றான்.

அவன் சொன்னது சரித்திர உண்மை. கால் அங்குலப் பிளக் 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களிற் பிறந்தது. அங்கு பணியாற்றிய பெண்கள், ஒருவரின் இணைப்பை இன்னொருவருடன் சேர்க்கவும் பிரிக்கவும் நாள் முழுதும் இப்பிளக்கைச் செருகி இழுத்தனர். எளிதில் நுழைந்து எளிதில் கழல்வதே அதன் சிறப்பு. அங்கு ஓடியது மிகச் சிறிய மின்னோட்டம். கிற்றாரிலிருந்து அம்பிளிபயருக்குச் செல்வதும் அத்தகையதே. ஆனால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 உவாற்று செல்லும்போது 2.5 அம்பியர் ஓடுகிறது. பிளக் பாதி கழன்று நிற்கையில், அதன் முனை சொக்கற்றின் உடற்பகுதியில் தொட்டுவிடலாம். அப்போது இரு கம்பிகளும் ஒன்றாகிக் குறுஞ்சுற்று உண்டாகிறது. காப்பு இல்லாத திரான்சிற்றர் கணத்தில் எரிகிறது. வால்வு அம்பிளிபயருக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: ஸ்பீக்கர் கழன்ற நிலையில் வாசித்தால், அதன் நிலைமாற்றியில் உயர் அழுத்தம் எழுந்து அதனைக் கெடுத்துவிடலாம்.

வயரின் கதையும் இதுவே. கிற்றார் வயரில் நடுவே ஒரு மெல்லிய கம்பி. இரைச்சலைத் தடுக்கச் சுற்றிலும் ஒரு வலை. ஸ்பீக்கருக்கோ தடித்த கம்பிகள் இரண்டு வேண்டும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியானால், 3 மீற்றர் நீளத்துக்குப் போகவர உள்ள தடை ஏறத்தாழ 0.07 ஓம் மட்டுமே.

வேறு எந்தப் பிளக் தகும் என்று அன்று மாலை அவனிடம் பாடம் கேட்டேன். பனானா பிளக் நன்றாகத் தொடும். ஆனால் பூட்டில்லை, இழுத்தாற் கழலும். ஒலிவாங்கிக்குரிய மூன்று ஊசிப் பிளக் பூட்டிக்கொள்ளும். ஆனால் அவசரத்தில் யாரேனும் ஒலிவாங்கியை ஸ்பீக்கர் வழியிற் செருகிவிடக்கூடும். லீக்டன்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஸ்பீக்கொன் இவ்வேலைக்கென்றே செய்யப்பட்டது. செருகித் திருகினாற் பூட்டிக்கொள்ளும்; தொடுமுனைகள் உள்ளே மறைந்திருப்பதால் ஒன்றையொன்று முட்டா. கால் அங்குலப் பிளக்கை முற்றாகத் தள்ளவும் வேண்டியதில்லை என்றான் அவன். கிற்றார் அம்பிளிபயர்களில் இன்றும் அதுவே பெருவழக்கு. தடித்த வயரும், கால் படாத இடமும் இருந்தால் அது உழைக்கும். எமது மேடையில் கால் படாத இடம் இல்லை. அதனை அவன் முன்னரே எண்ணிப் பார்த்திருந்தான்.

திரான்சிற்றர்களையும், அவன் முதலில் எழுதித் தந்த பொருட்களையும் என் சம்பளத்தில் வாங்கினேன். அவன் ஈயம் பற்றவைக்க, நான் வயரைப் பிடித்திருந்தேன். பின்வந்த திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எவரும் கைதட்டவில்லை. “இதையெல்லாம் பிள்ளையளுக்கு முன்னாலை சொல்ல வேணுமோ?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர்களுக்கு முன்னால்தானே அவன் அவமானப்பட்டான்?

உழைக்கும் மக்களைப் பற்றி வகுப்பிலும் மேடையிலும் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அவர்களைப் பாடும் கவிதைகளை விளக்கியுமிருக்கிறேன். ஆனால், ஒரு கூலித் தொழிலாளியின் மகன் தன் தொழிலறிவைக்கொண்டு “காணாது” என்று சொன்னபோது, அதனை அறிவாக நான் மதிக்கவில்லை. கையால் வேலை செய்பவன் கேட்டு நடக்க வேண்டியவன், புத்தகம் படித்தவன் சொல்ல வேண்டியவன் என்ற பழைய பிரிவினை என் நாவிலேயே இருந்தது. இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு நாம் கற்பிக்கும் சமத்துவம் பரீட்சை விடைத்தாளுக்கு மட்டுமே உதவும்.

இவ்வாண்டு அவன் பாடசாலையை விட்டுப் போய்விட்டான். அந்த வயர் எமது நாடகப் பெட்டியில் இருக்கிறது. இளைய மாணவருக்கு அதனைச் செருகித் திருகிக் காட்டும்போது, செய்தவனின் பெயரைச் சொல்கிறேன். அதற்கு முன் வேறொரு வயர் இருந்ததையும், அதனைத் தெரிந்தவன் நான் என்பதையும் சொல்கிறேன்.