ஒட்டு செல்லும் அப்பாயியின் செக்கப்பும்

பிளட் டொனேஷன் கேம்ப்ல உங்க ரத்தத்துல ஒரு நீலச் சொட்டு, ஒரு மஞ்சள் சொட்டு விட்டு குரூப் சொல்வாங்களே, அந்தச் சொட்டு எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நீலம் ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி. இன்னைக்கு இது பெரும்பாலும் ஹைப்ரிடோமா என்கிற ஒட்டு செல்களில் தயாராகுது.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் எலியின் புற்றுநோய் செல்லையும், ஆன்டிபாடி சுரக்கும் செல்லையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒன்றிடமிருந்து சாகாமல் பெருகும் குணம், இன்னொன்றிடமிருந்து ஆன்டிபாடி. 1984-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனா இந்தக் கூட்டுக்குடும்பத்துல ஒரு சிக்கல். செல் பிரியப் பிரிய சில குரோமோசோம்கள் தொலைஞ்சு போகும். மனித செல்லையும் எலி செல்லையும் சேர்த்தா, அதிகமா காணாமப் போறது மனித குரோமோசோம்தான். 1967-ல் வைஸும் கிரீனும் இதைக் காட்டினார்கள். குரோமோசோம் போனா அதிலுள்ள ஜீனும் போச்சு. அந்த ஜீன் செல்லின் மேல் ஒட்டிவைத்த அடையாளமான ஆன்டிஜெனும் போச்சு.

1969-ல் ஹாரிஸ், க்ளைன் குழு இன்னொன்றைக் கண்டது. புற்றுநோய் செல்லோட சாதாரண செல்லைச் சேர்த்தா ஒட்டு செல் அடங்கிடுது. குறிப்பிட்ட குரோமோசோம்கள் தொலைஞ்சதும் திரும்பப் புற்றுநோயாகுது. பிரேக் கழண்ட பஸ் மாதிரி.

எங்க ஊர் நன்னிலம். வீரிய ஒட்டு நெல்லை அறுத்து அதையே மறுபடி விதைச்சா பயிர் ஒரே சீரா வராது. அங்கே குரோமோசோம் தொலையுறதில்லை, ஜீன்கள் புதுசா பாகம் பிரியுது. ஆனா ஒட்டு அப்படியே நிலைக்காதுங்கிறது ரெண்டுக்கும் பொது. அதனாலதான் லேப்ல ஹைப்ரிடோமாவை அடிக்கடி சோதிச்சு, நல்லா சுரக்கிற செல்லை மட்டும் தனியா பிரிச்சு வளர்க்கிறாங்க.

இதை எங்க அப்பாயிகிட்ட சொன்னதுக்குக் காரணம் இருக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடா செக்கப்?"னு ரெண்டு தடவை போகலை. புற்றுநோய் செல் மாறிக்கிட்டே இருக்கும், மருந்து தேடுற அடையாளத்தையே சிலது கழட்டிப் போட்டுடும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ கலவன் மாதிரி. கதிர் வர்றப்ப இறங்கிப் பார்த்துப் பிடுங்கணும்"னாங்க.

அடுத்த வாரம் தஞ்சாவூர் போனோம். ரிப்போர்ட் நல்லபடியா வந்தது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி போகணும்.

உங்க வீட்டிலும் "சரியாயிடுச்சு"ன்னு ஃபைலைப் பரண்ல போட்டவங்க இருப்பாங்க. இந்த லீவுக்குப் போறப்ப அதை இறக்கி, அடுத்த தேதி என்னன்னு பாருங்க.