புகையும் கல்லும் ஒரு மன்னிப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினான். பயணிகள் கப்பலில் சமையல் பிரிவில் வேலை செய்கிறான். செங்குத்தான பாறை, அதன் உச்சியில் உப்பைக் கொட்டி வைத்தது போல வெள்ளை வீடுகள், கீழே கருநீலக் கடல். "சார், இது கிரீஸ் நாட்டு சாந்தோரினி தீவு. எங்க கப்பல் எரிமலை வாய்க்குள்ளேயே நிக்குது" என்று எழுதியிருந்தான். கீழே இன்னொரு வரி: "எட்டாவதுல நான் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா சார்?"

இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

அவன் சொன்னது உண்மைதான். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்து, நடுப்பகுதி அமிழ்ந்து, கடல் உள்ளே புகுந்தது. உடைந்த வளையல் போல மிஞ்சிய விளிம்பில்தான் அந்த வெள்ளை வீடுகள் நிற்கின்றன. நடுவே கறுப்பாக ஒரு குட்டித் தீவு. அது கடைசியாகக் குழம்பைக் கக்கியது 1950-ல். தெற்கே அக்ரோத்திரி என்ற இடத்தில் 1967 முதல் சாம்பலைத் தோண்டி ஒரு பழைய நகரத்தையே வெளியே எடுத்தார்கள். மாடி வீடுகள், சுவர் ஓவியங்கள், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் இருந்தன. வெடிப்பில் செத்தவர்களின் எலும்புக்கூடு மட்டும் இல்லை. முன்கூட்டியே நிலம் அதிர்ந்து, ஜனங்கள் கிளம்பிப் போய்விட்டார்கள் என்கிறார்கள். 2025 பிப்ரவரியிலும் அங்கே தொடர்ந்து நிலம் அதிர்ந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் ஊரைவிட்டுப் போனார்கள்.

இத்தனைக்கும் பிறகும் உலகமே அங்கே போகிறது. வெள்ளை வீடும் சூரிய அஸ்தமனமும் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்பதில் ஓர் ஈர்ப்பு இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. எரிமலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, "சார், ஒகேனக்கல்னா கன்னடத்துல புகையும் கல்லுன்னு அர்த்தமாம். அங்க எரிமலை இருந்துச்சா?" என்றான். நான் சிரித்தேன். "அது தண்ணீர் விழுகிற சாரல்டா, தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரி தெரியும். எரிமலை வேணும்னா ஜப்பானுக்குப் போ, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. கொஞ்ச நாள் அவனை எல்லோரும் 'ஜப்பான்' என்றே கூப்பிட்டார்கள். அதன்பின் அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பயிற்சி வகுப்பு. புவியியல் படித்த ஒருவர் வெளிறிய ஒரு கல்லை மேசைமேல் வைத்து ஆசிட் சொட்டு விட்டார். சுண்ணாம்புக்கல் போல நுரைத்துப் பொங்கியது. "இது கடலடியில் படிந்த கல் இல்லை. பூமியின் ஆழத்திலிருந்து உருகி வந்த குழம்பு இறுகியது. பெயர் கார்பனடைட். உங்கள் ஒகேனக்கல் பகுதிக் கல்தான். வயது சுமார் 240 கோடி ஆண்டுகள்" என்றார். உலகிலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் அதுவும் ஒன்றாம். இன்று இந்த வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை உலகில் ஒன்றே ஒன்றுதான், தான்சானியாவில்.

ஒகேனக்கல்லில் எல்லாப் பாறையும் அது அல்ல. அந்தக் குழம்பும் நிலத்துக்கு அடியிலேயே உறைந்ததுதான், வெளியே வெடித்த எரிமலை அல்ல. சாரலால் வந்த பெயர் என்று நான் சொன்னதும் சரியே. ஆனால் அந்தப் பையன் தட்டிய கதவு சரியான கதவு. திறக்க வேண்டியவன் நான். அதைவிடப் பெரிய தவறு, உண்மை தெரிந்த பிறகும் இத்தனை வருடம் அவனிடம் சொல்லாமல் இருந்தது. வாத்தியார் கௌரவம் தடுத்தது.

படம் வந்த மறுவாரம் பஸ் ஏறி ஒகேனக்கல் போனேன். எத்தனையோ முறை போயிருக்கிறேன், எண்ணெய்க் குளியலுக்கும் மீன் வறுவலுக்கும். இந்த முறை பரிசலில் உட்கார்ந்து பாறைச் சுவர்களை மட்டும் பார்த்தேன். பரிசல்காரர், "என்ன சார், அருவியைப் பார்க்காம கல்லைப் பார்க்கறீங்க?" என்றார். அவருக்குச் சொன்னேன். துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அன்றிரவே அவனுக்கு எழுதினேன். தனியாகச் சொன்னால் போதாது. எல்லோர் முன்னும் சிரித்தேன், எல்லோர் முன்னும் சொல்கிறேன்: தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. என்னை மன்னித்துவிடு.

பொங்கலுக்கு லீவில் வருகிறான். ஒகேனக்கல்லுக்கு வேன் பேசலாம் என்றிருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மீன் வறுவல் என் செலவு. அவனை யாரும் 'ஜப்பான்' என்று கூப்பிடக் கூடாது.