கரிக்குத் தப்பிய மரம்

நரிக்குடி வானம் பார்த்த பூமி. இங்கே கேளாமலே வளர்வது சீமைக் கருவேலம். மழை பொய்த்த ஆண்டில் அதை மூட்டம் போட்டு விற்கும் கரிக்காசுதான் பல வீடுகளில் உலையரிசி. ஆதலால், நான்கு தடித்த தண்டுகளை விற்காமல் ஒதுக்கியபோது எங்கள் வீட்டில் தயக்கம் எழுந்தது.

தந்தையார் விட்டுச்சென்ற உளியும் இழைப்புளியும் துருவேறிக் கிடந்தன. அவற்றைத் தீட்டி, பின்கட்டில் பனங்கை மேல் ஓலை வேய்ந்து, சிறு தச்சுக்கூடம் அமைத்தோம். தேக்கு வாங்க வசதியில்லை. சீமைக் கருவேலம் கோணல் மரமாயினும், அதன் வைரம் பாய்ந்த கட்டை உறுதியானது. உலரும்போது குறைவாகவே சுருங்குவது. அர்ஜென்டினாவில் அதன் இனத்து மரங்களில் மேசையும் நாற்காலியும் செய்கிறார்கள்.

எங்கள் வெயிலில் அவசரமாய்க் காயும் பலகை முனையில் வெடிக்கும். எனவே முனைகளில் மெழுகு பூசி, இடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்காகக் காத்திருந்தோம். குட்டைத் துண்டுகளுக்கு ஏற்றது முக்காலி. மேடுபள்ளத் தரையிலும் அது ஆடாது நிற்கும்.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். அந்த நாசரேத்துத் தச்சரும் தம் ஊர் மரத்தைத்தானே இழைத்திருப்பார்! முக்காலியில் அமர்ந்து செபமாலை சொல்லும் அன்னையார், இப்போது கரிக்காசைப் பற்றிப் பேசுவதில்லை.